நல்லவர் நீலமாக இருக்க வேண்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, இன்னொன்று எனக்கு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு, வலது காலை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வைத்தபடியே என் பாதி ஆயுள் போய்விட்டது. தூக்கத்தில்கூட அந்தக் கால் சும்மா இருக்காது. "உங்க பக்கத்துல படுக்கிறதுக்கு மாட்டுக் கொட்டகையில படுக்கலாம். அங்கேயும் உதைதான், ஆனா பாலாவது கிடைக்கும்" என்பாள் என் மனைவி.

என்னைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். நான் ஒரு நார்மலான மனிதன். இது நானாகச் சொல்லிக்கொள்வது அல்ல, ஒரு ஆய்வுக்கூடமே சொன்னது. என் தங்கை அங்கேதான் வேலை செய்கிறாள். உணவுக்குழாயில் வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சி. வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் நீளக் குழாய், அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் கருப்புதான். இதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் அடிக்கடி சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். அப்படி ஒரு ஞாயிறு, அவள் வேலை என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"உன் கார்ல இருக்கிற மாதிரி ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் பிரேக் இருக்கு அண்ணா. 'போதும், இனிமே பெருகாதே'ன்னு சொல்ற மரபணு. புற்றுநோய்னா அந்த பிரேக் உடைஞ்சிருச்சுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. சில சமயம் உடையறதே இல்ல. புத்தம் புதுசா அப்படியே இருக்கும். ஆனா ஒரு நொதி வந்து சின்னச் சின்னதா எதையோ ஒட்டி, அதை யாரும் தொட முடியாம மூடி வச்சிரும்."

"அந்த நொதி அவ்வளவு கெட்டவனா?"

"கெட்டவன் இல்ல. அம்மா வயித்துல நாம உருவாகறப்போ அவன் இல்லாம ஒரு வேலையும் நடக்காது. எந்த மரபணு பேசணும், எது வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு முடிவு பண்றவனே அவன்தான். அப்புறம் பெரும்பாலும் ஒதுங்கிக்கணும். சில பேர் உடம்புல ஒதுங்க மாட்டேங்கறான். கண்டதையும் ஒட்டி மூடறான்."

"ரிட்டயர் ஆன பிறகும் ஆபீசுக்கு வர்ற அதிகாரின்னு சொல்லு."

"சொல்லிக்கோ" என்று சிரித்தாள்.

அவனைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் உணவுக்குழாயிலிருந்து ஒரு துணுக்குச் சதையை எடுத்து மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவுவார்கள். சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஒரு சாயத்தை விடுவார்கள். நொதி இருக்கும் இடம் பழுப்பாகும், மற்றதெல்லாம் நீலமாக இருக்கும். சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே, அதற்கு நோய் இல்லாத ஒருவரின் சதையையும் தினமும் கூடவே வைக்க வேண்டும். அங்கேதான் அவளுக்குச் சிக்கல்.

"நோயாளிங்க சதை கிடைச்சிருது. நல்லா இருக்கிறவன் எவன் வாய்க்குள்ள குழாயை விட விடுவான்?"

"நான் விடறேன்" என்றேன். "கூலியா ஒரு டீ வாங்கிக் கொடு."

"உனக்கு டீயா? அடுப்புல இருந்து அப்படியே வாயில ஊத்திக்கிறவன் நீ. தொண்டையா தகரமா? அவ்வளவு சூடா குடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

இப்படித்தான் இரண்டு வருடங்களுக்கு முன் நான் நார்மல் ஆனேன். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார், ஒரு துணுக்கை எடுத்துக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. நல்லவர். "நல்லவரை எடுத்தியா?", "நல்லவர் எப்படி வந்திருக்கார்?" என்றுதான் அங்கே காலையில் பேச்சே தொடங்குமாம். நல்லவரின் தகட்டில் அடியில் மட்டும் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு இருக்கும். புதுச் செல்கள் பிறக்கும் இடம் அது, அங்கே நொதி இருக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் எல்லாம் நீலமாக இருக்க வேண்டும். நல்லவர் நீலமாக இருந்தால்தான் அன்றைய வேலையை நம்புவார்கள். இல்லையென்றால் அத்தனை நோயாளிகளின் தகடும் குப்பைக்குப் போகும்.

நான் தலைகால் புரியாமல் ஆடினேன். கியர் போடத் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னேன். "என் தொண்டையை வச்சுத்தான்யா ஊர்ல இருக்கிறவன் தொண்டையை அளக்கிறாங்க. நீ முதல்ல கண்ணாடியைப் பார்த்து ஓட்டு."

இந்தப் பெருமையில்தான் நான் ஏமாந்தேன். சாப்பிடும்போது ரொட்டி நெஞ்சுக்குப் பின்னால் எங்கேயோ நின்று, யோசித்துவிட்டு இறங்க ஆரம்பித்தபோது நான் பயப்படவில்லை. வாயுத் தொல்லை என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசித்தால், ஒரு ஆய்வுக்கூடமே தினமும் என் உணவுக்குழாயைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறது, கோளாறு இருந்தால் அவர்களுக்குத் தெரியாதா என்று தோன்றும். அவர்கள் பார்ப்பது இரண்டு வருடம் பழைய துணுக்கை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது உறைக்கவில்லை. கவளத்தைச் சிறிதாக்கினேன், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். சாப்பாட்டு மேசையை விட்டுக் கடைசியாக எழுகிறவன் நான் என்றாயிற்று. மனைவி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நல்லவர் கெட்டுப்போக ஆரம்பித்தார்.

"உன்னால எங்களுக்கு ஒரு வாரமா வேலையே ஓடல" என்றபடியே தங்கை ஒரு ஞாயிறு உள்ளே வந்தாள். "மெழுகுக் கட்டியில பாதிக்கு மேல சீவியாச்சு. ஆழமாப் போகப் போக ஒரு மூலையில அந்தப் பழுப்புக் கோடு மேல ஏறுது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட இன்னும் கொஞ்சம்."

"ஏறட்டுமே, என்ன இப்போ?" என்றாள் மனைவி.

"ஏறக் கூடாது அண்ணி. சாயம் கெட்டிருக்கணும். செல்லோட வடிவமெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. இருந்தாலும் எங்க மேடம், எதுக்கும் அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருன்னாங்க." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, முழுங்கறதுல உனக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

அந்த நிமிடம் என் நெஞ்சுக்குள் ஒரு துண்டு ரொட்டி மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கண்ணில் நீர் முட்டியது. என்னால் பேச முடியவில்லை. கையைத் தூக்கி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல ஆட்டினேன்.

"கையை ஆட்டறதைப் பாருங்க அண்ணி, பெரிய மகாராஜா ஈ ஓட்டறாரு" என்று தங்கை சிரித்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரொட்டி இறங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய் உன் சாயத்தைப் பாரு. என்னைப் பார்க்காதே" என்றேன். வீம்பு. வேறு என்ன சொல்வது அதை?

அவள் போய் சாயத்தைத்தான் பார்த்தாள். புது பாட்டில் வாங்கினார்கள். புது பாட்டிலிலும் கோடு ஏறியது. கடைசியில் எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆள் நன்றாக இருக்கிறார், கேட்டாயிற்று, எனவே சாயம்தான் தூக்கலாக இருக்கிறது. அதைத் தண்ணீராக்கினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கோடு அடிக்கு இறங்கும்வரை நீர்க்க வைத்தார்கள்.

"அப்பாடா, நல்லவர் நீலமாயிட்டார்" என்று அடுத்த வாரம் வந்து சொன்னாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"மத்தவங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவங்களும் கொஞ்சம் வெளுத்துட்டாங்க. இத்தனை நாளா அதிகமாக் காட்டியிருக்கு போல. அந்த நொதியை அடக்கறதுக்கு ஒரு புது மருந்து இருக்குன்னு சொன்னேன்ல, சோதனைக்குக் கொடுக்கறாங்களே, அது பழுப்பு நல்லா இருக்கிறவங்களுக்குத்தான். இந்த வாரம் ஒரு தையல்காரர் வந்தாரு. அவரோடது வெளிறித்தான் இருந்துச்சு. உங்களுக்கு இது சரிப்படாதுன்னு அனுப்பிட்டோம்."

"பாவம்" என்றாள் மனைவி.

நான் ஆட்டிய கை நினைவுக்கு வந்தது. ஆனாலும் அன்று என் தட்டில் இருந்த இரண்டு ரொட்டிகளையும், ஒன்றரை மணி நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று, தின்று காட்டினேன்.

அதற்குப் பிறகு ரொட்டி இறங்காமலே போயிற்று. பிறகு பிஸ்கட் போயிற்று. அது எனக்குத் தெரிந்தது வண்டியில். நான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு. வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், தெருவும் தானாகத் திறக்கும் என்று நினைத்து ஓட்டுகிறவர். டீயில் நனைத்த பிஸ்கட் எனக்கு அடைத்துக்கொண்ட நேரம் பார்த்து அவர் ஒரு மதில் சுவரை நோக்கிப் போனார். 'பிரேக்' என்று கத்த வேண்டும். சத்தம் வரவில்லை. கால் மட்டும் அழுத்தியது, வண்டி சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"இன்னைக்குத்தான் சார் நீங்க ஒரு வார்த்தைகூடத் திட்டல" என்றார் டாக்டர் அம்மா சந்தோஷமாக.

கதவைத் திறந்து சாக்கடையோரம் குனிந்தேன். பிஸ்கட் மட்டும் வரவில்லை, கூடவே கோழை கோழையாக என்னென்னவோ வந்தது. அன்றுதான் பயந்தேன்.

வீட்டில் மனைவி என் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல புதுசா ஓட்டை போட்டது யாரு?"

"எலி."

"விளையாடாதீங்க. கஞ்சியும் டீயுமாத்தான் உயிரை ஓட்டறீங்க. எனக்குக் கண்ணு இல்லையா? உங்க தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் பொறு. அந்த மெழுகுக் கட்டி தீரப் போகுதாம். எப்படியும் இன்னொரு துணுக்குக்கு என்னைத்தான் கூப்பிடுவா. அப்போ குழாயை விட்டுப் பார்க்கத்தானே போறாங்க?"

"உங்க கௌரவத்துல இடி விழ" என்று பெல்ட்டை என் மேலேயே எறிந்துவிட்டு உள்ளே போய் அழுதாள். ஆனால் அவளும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று அவளுக்கும் பயம்.

தங்கை ஒரு வழியாகக் கூப்பிட்டாள். "நல்லவர் தீர்ந்துட்டார் அண்ணா. ஒரே ஒரு சீவல்தான் மிச்சம் வச்சிருக்கேன். இன்னொரு துணுக்கு தர்றியா?"

"எப்போ வரணும்?" என்று உடனே கேட்டேன். வழக்கமாக நான் செய்கிற பிகு எதுவும் இல்லாதது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த அறை மிகவும் சுத்தமாக, மிகவும் குளிராக இருந்தது. நர்ஸ் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்தாள். திரை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் முகத்துக்கு நேரே தங்கை நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு சின்ன பாட்டிலோடு. அதில் 'நல்லவர்' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

"இளைச்சிருக்கே அண்ணா. டயட்டா?" என்றாள். வாயில் வளையம் இருந்தது, நான் சிரிக்க மட்டும் செய்தேன்.

டாக்டர் குழாயை விட்டார். அவர் பேச்சுப்பிரியர். ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கொடுமையைச் சொல்லிக்கொண்டே குழாயை இறக்கினார். "காலையில வந்து பார்த்தா என் இடத்துல ஒரு வேன் நிக்குது, அதுவும் குறுக்கே..." என்றவர் அதோடு நிறுத்திவிட்டார். அந்த வேன் என்ன ஆயிற்று என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நான் திரையைப் பார்க்க முடியாது. தங்கையைத்தான் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதை எடுத்துவிட அவள் மறந்துவிட்டாள் என்று தெரிந்தது. பாட்டில் மூடியை மட்டும் திருகித் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"சாப்பாடு எத்தனை நாளா அடைக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"அடைப்பெல்லாம் இல்ல டாக்டர்" என்று தங்கை அவசரமாகச் சொன்னாள். "நானே கேட்டேன். இவர் நோயாளி இல்ல. இவர் எங்க நார்மல்."

வாயில் வளையம், தொண்டையில் குழாய். பேச வழியில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் ஆட்டிய அதே கையைத் தூக்கினேன். இந்த முறை ஆட்டவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். பிறகு மடக்கி, இன்னும் இரண்டு.

"ஏழு மாசமா?" என்றார் டாக்டர். நான் கண்ணை மூடித் திறந்தேன்.

தங்கை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதங்களைப் பின்னோக்கி எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்த இடம்கூட எனக்குத் தெரிந்தது, அங்கேதான் அவள் முகம் உடைந்தது. "அப்போ அன்னைக்கு..." என்றாள். என் கை கீழே இறங்கியது.

டாக்டர் பல இடங்களில் கிள்ளி எடுத்தார். தங்கை பழக்கத்தில் பாட்டிலை நீட்டினாள். "இதுல வேணாம்மா" என்று அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு நர்ஸ் பக்கம் கையை நீட்டினார். நர்ஸ் நோயாளிகளுக்கான பாட்டிலைக் கொடுத்தாள். என் பெயர் எழுதிய பாட்டில் தங்கையின் கையில் காலியாகவே இருந்தது.

பரிசோதனை முடிவு வந்த அன்று அவள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் படுத்திருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர்தான் அண்ணா. எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும்."

வாசற்படியில் நின்ற மனைவி அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"மிச்சம் வச்சிருந்த பழைய சீவல் இருக்குல்ல, அதுக்கு நேத்து பழைய அளவுல, தண்ணி கலக்காம சாயம் விட்டேன்" என்றாள் தங்கை. "அந்த மூலையில கோடு மேல வரைக்கும் ஏறி நிக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த சதை அது. நீ இரும்பைத் தின்னாலும் செரிக்குதுன்னு பீத்திக்கிட்டு இருந்தியே, அப்பவே அங்க ஒட்டி மூட ஆரம்பிச்சிருக்கு. சாயம் சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் அதை அடக்கினேன்."

"என் கையைப் பார்த்துத்தானே அடக்கின."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவளை நான் என்றைக்கும் மதிப்பேன், ஆனால் அந்த நிமிடம் அது என்னை அறுத்தது.

"உன் நீலத்தை நம்பி நாங்க பார்த்த எல்லாரோட தகட்டையும் திரும்பப் போடறோம்" என்றாள். "தையல்காரரோடது முதல்ல போட்டேன். கரும்பழுப்பு. அவருக்குத்தான் அந்த மருந்தை முதல்ல கொடுத்திருக்கணும். காலையில இருந்து போன் பண்றேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு தையல் மெஷின் பக்கத்தில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருப்பது என் காதில் கேட்டது. என் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது.

"எனக்குக் கொடுப்பாங்களா அதை?"

"உன்னோடது நல்ல பழுப்பு. பேர் கொடுத்திருக்கேன். சோதனை மருந்துதான், சத்தியம் பண்ணி எதுவும் சொல்ல முடியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சின்ன வயதில் பேசுவது போலப் பேசினாள். "பிரேக் உடையல அண்ணா. உள்ளே புதுசா, அப்படியே இருக்கு. மூடித்தான் வச்சிருக்கு. ஒட்டினதை எடுத்துட்டா பிடிக்கும். பிடிக்கணும்."

நான் சரி என்று தலையாட்டினேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் கட்டிலின் கால்மாட்டையே பார்த்தாள்.

அங்கே போர்வைக்கு அடியில் என் வலது கால் தானாக எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. அவள் போர்வையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.